ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன், காலைத் தாங்கும் கம்பிச் சட்டமான காலிப்பர் போட்டுத்தான் நடக்கிறேன். போன வாரம் சாயல்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்களில் ஒருவன் என்னைப் போலவே காலை இழுத்து நடந்து காட்ட, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அது எனக்குப் பழகிப்போனதுதான். ஆனால் பஸ் வந்ததும் அதே கூட்டத்தில் இன்னொரு பையன், நல்ல மனசுக்காரன், "ஏறுங்கய்யா" என்று என் வலது கையைப் பிடித்துத் தூக்கினான். கம்பியைப் பிடித்து நான் எம்பி ஏறுவதே அந்தக் கையை வைத்துத்தான். பிடி விட்டுப்போய்ப் படியிலேயே விழுந்தேன், அந்தப் பிள்ளைக்கு முகமே செத்துவிட்டது.

இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது, சந்தோஷம், ஆனால் அதனாலேயே இன்றைய பிள்ளைகள் பலர் காலிப்பரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 39, பள்ளியிலேயே இதைப் பற்றிய புரிதலை உண்டாக்க வேண்டும் என்கிறது. நான் பார்த்தவரை மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று ஓவியப் போட்டி, உறுதிமொழி, ஒரு பேச்சு, அதோடு சரி. அந்தப் பேச்சும் "பாவம், இவர்களுக்கு உதவுங்கள்" என்றே முடிகிறது. பாவம் பார்ப்பவன் கேட்க மாட்டான், நேரே கையைப் பிடித்து இழுப்பான். "உதவட்டுமா, எப்படிப் பிடிக்கணும்?" என்று முதலில் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

அதற்கு எங்களில் ஒருவரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். காலிப்பரைக் கழற்றி மேசைமேல் வைக்கிறேன், கம்பி, தோல்வார், முட்டிப் பூட்டு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். எங்கள் உப்புக்காற்றில் அந்தப் பூட்டு துருவேறி, காலையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால்தான் மடங்கும். வலிக்குமா, மணலில் எப்படி நடப்பீர்கள் என்று கூச்சமில்லாமல் கேட்கட்டும். அப்புறம் இன்னொன்று, எங்கள் பக்கம் பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடப்பவர்கள் உண்டு, அவர்களின் பிள்ளைகளும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது நமக்கே தெரியாது. அவர்கள் விரும்பினால் பேசவிடுங்கள்.

எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் வருகிறேன். வகுப்பு மாடியில் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாயல்குடி, ராமநாதபுரம் மாவட்டம்.