அப்பாவின் சீட்டில் பத்து இடங்கள்

ஷெஃபீல்டு,
ஏப்ரல் 17.

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் போன சனிக்கிழமை வந்து சேர்ந்தது. தட்டுவடை ஒன்றுகூட நொறுங்கவில்லை. அம்மா செய்தித்தாளை அடுக்கடுக்காகச் சுற்றிக் கட்டிய கட்டு அப்படி. பூண்டுப் பொடி டப்பாவுக்கு அடியில் நீங்கள் மடித்து வைத்திருந்த தாளை மறுநாள்தான் பார்த்தேன். பழைய டைரியிலிருந்து கிழித்த பக்கம், உங்கள் பெரிய எழுத்து: "லண்டனில் பார்க்க வேண்டியவை." ஒன்று முதல் ஒன்பது வரை நீங்கள் எழுதியவை. பத்தாவது மட்டும் அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது: "கோஹினூர் வைரம்."

அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, காலையில் காபி போடும்போதெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு பேனாவை எடுத்து ஏழு இடங்களை அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் இதைச் சொன்னால் நடுவில் அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால்தான் கடிதம். அப்பாயிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன, இன்னும் லண்டன் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நேரமில்லை என்றே சொல்லி வந்தேன். அக்டோபரில் ஒரு முறை புறப்பட்டேன். பாதி வழியில் ரயில் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் ஒரு சிறிய ஸ்டேஷனில் குளிரில் நின்றுவிட்டு, எதிர்த்திசை ரயிலில் திரும்பினேன். டிக்கெட் பணம் திரும்ப வந்தது. ஆனாலும் அன்றைக்கு அறைக்கு வந்து மிகவும் அழுதேன், அதனால்தான் உங்களிடம் சொல்லவில்லை. ஒரே நாளில் போய், ஒன்பது இடங்களைப் பார்த்து, இரவே திரும்புவதாகத் திட்டம் போட்டிருந்தேன். ரயில் ஒழுங்காக ஓடியிருந்தாலும் அது நல்ல பயணமாக இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்படி நினைப்பதற்குக் காரணம் நம் ஏற்காடு. பெரியப்பா வேன் பிடித்து வந்த வருடம் நினைவிருக்கிறதா? ஏரி, ரோஜாத் தோட்டம், லேடீஸ் சீட், கிளியூர் அருவி என்று ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, போட்டோ எடுத்து, உடனே ஏறினோம். அந்த நாளிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தம்பி வாந்தி எடுத்ததையும் தவிர வேறொன்றும் எனக்கு நினைவில்லை. அடுத்த வருடம் நாம் நால்வர் மட்டும், புளியோதரையும் தண்ணீர் கேனும் எடுத்துக்கொண்டு, பழைய பஸ் நிலையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். சேர்வராயன் கோயில், ஏரிக்கரை, பகோடா பாயின்ட், அவ்வளவுதான். சேர்வராயன் குகைக்குள் ஈரமும் விபூதியும் கலந்து வந்த வாசனையை இப்போதும் என்னால் சொல்ல முடியும். பகோடா பாயின்ட் பாறையில் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். கீழே இருந்த ஊர்களை விரலால் காட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னீர்கள். அந்த மாதிரி ஒரு பயணம் எனக்கு லண்டனில் வேண்டும், அப்பா.

இந்த ஊரைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இன்னும் சரியாகப் பதில் எழுதவில்லை. ஷெஃபீல்டு எனக்கு அந்நியமாகப்படாததற்கு ஒரே காரணம் மலைகள்தான். நம் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் சேர்வராயன் மலையோ ஜருகுமலையோ நகரமலையோ கண்ணில் படுமே, அப்படி இங்கேயும் தெரு முனையில் ஒரு மேடு எழுந்து நிற்கும். பஸ் ஏறி அரை மணியில் மலைப்பகுதிக்குப் போய்விடலாம். எவர்சில்வர் பிறந்த ஊரும் இதுதான்: 1913-ல் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் சேர்த்து உருக்கிய எஃகு துருப்பிடிக்காமல் நிற்பதை இங்கேதான் கண்டார். கஞ்சமலை அடிவாரத்து கோல்டு ரோலிங் மில்லில் நீங்கள் இருபத்தெட்டு வருடம் உருட்டிய தகட்டுக்கு மூதாதை இங்கே இருக்கிறது. சோதனைக்கூடத்தில் இழுவிசைக் கருவியில் ஒரு துண்டைப் பூட்டும்போதெல்லாம் உங்கள் கை நினைவுக்கு வருகிறது.

இன்னொருவரைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் மதராஸ் நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். சேலத்து இரும்புத் தாதின் மேல் வைத்த நம்பிக்கையால் உத்தியோகத்தையே விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். பிறகு இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். அந்த முறையால் இந்த ஊர் ஆலைகள் கொழித்தன. அவருக்கோ நீதிமன்றத்தில் வழக்காடியே காலம் போயிற்று. 1851-ல் வறுமையில் இறந்தார். நம் ஊர்க் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்த மனிதர் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இங்கே கொஞ்சம் உரிமை வந்துவிட்டது போல இருக்கிறது.

சரி, லண்டன். மே மாதம் நான்காவது சனி, ஞாயிறு. வெள்ளி மாலை வேலை முடிந்ததும் இங்கிருந்து ரயில், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். இங்கே ரயில் டிக்கெட்டின் விலை விமான டிக்கெட் மாதிரி ஏறி இறங்கும். முன்கூட்டியே, இன்ன ரயில்தான் என்று குறித்து வாங்கினால் மலிவு. முப்பது வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு சலுகை அட்டை இருக்கிறது. அதைக் காட்டினால் மூன்றில் ஒரு பங்கு குறையும். வாங்கிவிட்டேன்.

தங்குவதற்குச் செலவு இல்லை. என்னுடன் படித்த ஆத்தூர்த் தோழி ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கிறாள். அந்தக் கடைத்தெருவில் முருங்கைக்காயும் இட்லி அரிசியும் கிடைக்கும், தமிழில் பேசியே காய்கறி வாங்கலாம் என்கிறாள். வெள்ளி இரவு அங்கே தோசை என்று இப்போதே முடிவாகிவிட்டது. இதைவிட நல்லது, அவள் வீட்டுப் பக்கம் ஓடும் சுரங்க ரயில். டிஸ்ட்ரிக்ட் லைன் என்று பெயர், வரைபடத்தில் பச்சைக் கோடு. ஈஸ்ட் ஹாமில் ஏறினால் டவர் ஹில், வெஸ்ட்மின்ஸ்டர், சவுத் கென்சிங்டன் என்று நான் போக வேண்டிய இடமெல்லாம் வண்டி மாறாமல் வரும். உங்கள் மூன்று இடங்களை நான் தேர்ந்தெடுத்ததில் இந்தப் பச்சைக் கோட்டுக்கும் பங்கு உண்டு. பஸ்ஸில் சில்லறை வாங்க மாட்டார்கள், 2014 முதல் அப்படித்தான். வங்கி அட்டையைத் தொட்டால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு பஸ் மாறினால் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

சனிக்கிழமை காலை பிக் பென். உங்கள் சீட்டில் முதலில் இருப்பது. எல்லோரும் கோபுரத்தை அந்தப் பெயரால் சொல்கிறார்கள், உண்மையில் அது உள்ளே தொங்கும் பெரிய மணியின் பெயர். முதலில் வார்த்த மணி சோதனையின்போதே வெடித்துவிட்டது. அதை உருக்கி, 1858-ல் ஒயிட்சாப்பலில் மறுபடி வார்த்தார்கள். எடை 13 டன்னுக்கு மேல். அதுவும் 1859-ல், ஒலிக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே விரிசல் விட்டது. சம்மட்டி கனமாக இருந்ததுதான் காரணம் என்று, மணியைக் கொஞ்சம் திருப்பி வைத்து, இலேசான சம்மட்டியைப் பூட்டினார்கள். அந்த விரிசலோடுதான் இன்றுவரை அடிக்கிறது. வார்ப்பில் விரிசல் என்றால் நீங்கள் எப்படிக் காது கொடுத்துத் தட்டிப் பார்ப்பீர்கள்! பாலத்தில் நின்று பதினோரு மணி அடிப்பதை முழுவதும் கேட்பேன், உங்களுக்கும் பதிவு செய்து அனுப்புவேன். போட்டோ ஒன்று போதும்.

மதியத்துக்கு உங்கள் சீட்டில் இல்லாத ஓர் இடத்தைச் சேர்த்திருக்கிறேன். சவுத் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. அங்கே திப்பு சுல்தானின் மரப்புலி இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் மேல் புலி பாய்ந்து கிடக்கும். வயிற்றுக்குள் ஓர் ஆர்கன். கைப்பிடியைச் சுற்றினால் சிப்பாயின் கை அசையும், அலறல் கேட்குமாம். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்து வந்தது. சங்ககிரி மலைக்கோட்டையில் எத்தனை வாசல் என்று எண்ணிக்கொண்டே ஏறினோமே, அங்கே திப்புவின் படை இருந்த இடத்தைக் காட்டி, 1792 ஒப்பந்தத்தில்தான் சேலமும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரமகாலும் கம்பெனியார் கைக்குப் போயின என்று நீங்கள் சொன்னீர்கள். அப்போது எனக்கு அது பரீட்சைக்கான வருடம். இப்போது அந்தப் புலியின் முன்னால் நிற்க வேண்டும், நிறைய நேரம் நிற்க வேண்டும். அது ஏன் இங்கே இருக்கிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு. அந்த வருத்தத்தோடுதான் பார்க்கப் போகிறேன்.

ஞாயிறு காலை டவர் பாலம். 1894-ல் திறந்தது. வெளியே கல் கோபுரம் மாதிரி தெரிவது வெறும் போர்வை. உள்ளே முழுக்க எஃகு எலும்புக்கூடு. கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே எழும். அதை நடந்தே கடப்பேன், காசு கேட்க மாட்டார்கள். அங்கிருந்து படகில் தேம்ஸ் நதியோடு கிழக்கே, அந்தப் பாலத்துக்கு அடியிலேயே புகுந்து, கிரீனிச்.

அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். கோஹினூர் அந்தப் பாலத்துக்குப் பக்கத்துக் கோட்டையில்தான் இருக்கிறது. நான் உள்ளே போகப் போவதில்லை. கட்டணம் முப்பது பவுண்டுக்கு மேல், நம் பணத்தில் மூவாயிரத்தைத் தாண்டும். அதைக்கூடச் சேர்த்துவிடலாம். ஆனால் நகரும் நடைமேடையில் நின்றபடியே கிரீடங்களைக் கடந்துவிட வேண்டுமாம், சில நொடிதான். அந்தச் சில நொடியை அம்மா பக்கத்தில் இருக்கும்போது செலவிட ஆசை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடையில் ஒரு திருகாணிக்கு அரை மணி நேரம் பார்ப்பவர், அந்த வைரத்தைப் பார்த்து என்ன சொல்வார் என்று கேட்க வேண்டும். அதனால் பத்தாவதை அடிக்கவில்லை, வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அடித்தது ஆறுதான், ஏழு என்று முதலில் எழுதியதைத் திருத்திப் படியுங்கள். அரண்மனை, மெழுகுச் சிலைகள், ராட்சத ராட்டினம் இவையெல்லாம் போயின. பிரிட்டிஷ் மியூசியத்தை அடித்தபோதுதான் மனம் கேட்கவில்லை. அமராவதிச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் அதற்கு ஒரு நாள் முழுதாக வேண்டும்.

கிரீனிச் உங்களுக்காக. மொட்டைமாடியில் குச்சி நட்டு நிழலை அளந்தோமே, பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய மிகக் குட்டையான நிழல் ஏன் கால் மணி நேரம் கழித்து வருகிறது என்று கேட்டேன். நம் கடிகாரம் மிர்சாபூர்ப் பக்கத்து 82½ பாகைத் தீர்க்கரேகையில் ஓடுகிறது, நம் ஊர் 78-ல் இருக்கிறது, பாகைக்கு நான்கு நிமிடம் என்று கரித்துண்டால் தரையில் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். அந்தக் கணக்கின் பூஜ்யம், பூஜ்யப் பாகைக் கோடு, கிரீனிச் மலைமேல் உள்ள வானாய்வுக்கூடத்தில் இருக்கிறது. ஒன்று தெரியுமா, கைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் பூஜ்யம் அங்கே தரையில் பதித்த கோட்டில் விழாது, 102 மீட்டர் கிழக்கே தள்ளி விழும். இரண்டிலும் நிற்பேன்.

வானாய்வுக்கூடத்தின் உச்சியில் ஒரு சிவப்புப் பந்து இருக்கிறது. நதியில் நிற்கும் கப்பல்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்வதற்காக 1833-ல் வைத்தது. தினமும் 12.55-க்குக் கம்பத்தில் பாதி ஏறும், 12.58-க்கு உச்சிக்குப் போகும், சரியாக ஒரு மணிக்கு விழும். வெளியே பூங்காவில் நின்றே பார்க்கலாம். இங்கே இப்போது கோடைக்காக மணியை முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள், அதனால் நமக்குள் வித்தியாசம் நாலரை மணி நேரம்தான். அன்று உங்களுக்கு மாலை 5.30.

5.20-க்கே மொட்டைமாடிக்கு வந்துவிடுங்கள். மூட்டுவலி இருந்தால் தம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். வீடியோவில் கூப்பிடுகிறேன். உங்கள் எச்.எம்.டி. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, முள்ளை 5.30-ல் நிறுத்திப் பிடித்திருங்கள். பந்து விழும்போது நான் "விடுங்கள்" என்பேன்.

அன்புடன்,
உங்கள் மகள்