அரசு மேடையில் ஏற்றுவதற்கு முன் பாதுகாப்பு உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள்

அனுப்புநர்: பாபநாசம் வட்டத்தில் வசிக்கும் பெண் (பெயரும் முகவரியும் ஒட்டிய உறைக்குள் தனித்தாளில்)
பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தஞ்சாவூர்
பொருள்: குடும்ப வன்முறைக்காக நீதிமன்ற உத்தரவு உள்ள கலைஞர்களுக்கு அரசு விழா மேடையும் விருதும் தராமல் இருக்க வேண்டி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால் நீளமாகவே எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

என் அக்கா பூக்கட்டுகிறவள். கதம்பம் கட்டுவதில் எங்கள் தெருவில் அவளுக்கு ஈடு கிடையாது, வாழைநாரை விரலில் சுற்றி இழுத்தால் மரிக்கொழுந்தும் கனகாம்பரமுமாகக் கண் இமைப்பதற்குள் ஒரு முழம் வந்து நிற்கும். இப்போது அவளுக்கு வலது கட்டைவிரல் மடங்காது. கதவு நிலையில் அந்தக் கையை வைத்துக் கதவை அறைந்து சாத்தினார் அவள் கணவர். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. முடிச்சுப் போடும்போது நார் நழுவுகிறது, பல்லால் கடித்து இழுக்கிறாள். சாமிக்குப் போகிற பூவில் எச்சில் படக்கூடாது என்று கோயில் மாலைக்கு ஆர்டர் வாங்குவதையே விட்டுவிட்டாள்.

அவர் மேடைப் பாடகர். நல்ல குரல், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. நாட்டுப்புறப் பாட்டு, பக்திப் பாட்டு இரண்டும் பாடுவார், திருவிழா சீசனில் மாதத்தில் பாதி நாள் கச்சேரி இருக்கும். பதினோரு வருஷம் பொறுத்துவிட்டுத்தான் அக்கா 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மனு போட்டாள். இரண்டு பக்கமும் விசாரித்து, டாக்டர் சீட்டையும் பார்த்துத்தான் மாஜிஸ்திரேட், இனி அவளைக் கொடுமை செய்யக்கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு போட்டார். மாதாமாதம் பணம் கொடுக்கவும் உத்தரவு இருக்கிறது. முதல் இரண்டு மாதம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

போன வருடம் டெல்டாவில் ஒரு ஊரில் அரசு விழா நடந்தது. எந்த ஊர், எந்தத் துறை என்று எழுதவில்லை, யாரையும் மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், அதில் எட்டாம் வகுப்புப் படிக்கிற அக்கா மகளும் இருந்தாள். மேடையில் அவளுடைய அப்பா. தாயைப் பற்றி உருக்கமாக ஒரு பாட்டுப் பாடினாராம், முடிந்ததும் அதிகாரி ஒருவர் பொன்னாடை போர்த்தினாராம். டீச்சர் கைதட்டச் சொன்னபோது பிள்ளை கையைப் பாவாடைக்குள் மடித்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம்தான் கேட்டாள்: "கவர்மெண்டே மாலை போடுதே சித்தி, அப்ப அம்மாதான் பொய் சொல்றாளா?"

நான் என்ன பதில் சொல்ல? கோர்ட்டும் அரசாங்கம், மேடையும் அரசாங்கம். ஒரு கை உத்தரவு போடுகிறது, இன்னொரு கை பொன்னாடை போர்த்துகிறது. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றிய பிறகு தெருவில் பேச்சே மாறிவிட்டது. அதுவரை அக்காவுக்குப் பரிந்து பேசிய பெரியவர்களே, "இவ்வளவு மதிப்பு மரியாதை உள்ள மனுஷன், கேஸை வாபஸ் வாங்கிட்டு வீட்டுக்குப் போம்மா" என்கிறார்கள்.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதையாக மட்டும் இருந்தால் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த அரசு விழாவிலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மணமான பெண்களில் பத்துக்கு நாலு பேர் போல இதை அனுபவித்தவர்கள். அவர்கள் முன்னால்தான் அந்தப் பொன்னாடை.

அவர் பாடக்கூடாது என்று நான் கேட்கவில்லை. அது அவர் தொழில், கல்யாண வீட்டுக்காரர்கள் விருப்பப்பட்டுக் கூப்பிட்டால் அது அவர்கள் பாடு. ஆனால் ராஜராஜ சோழன் சதய விழா மாதிரி மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மேடை வேறு. மாவட்டக் கலை மன்றம் கொடுக்கிற கலைச் சுடர்மணி, கலை நன்மணி விருதுகளும் அப்படித்தான், அந்த மன்றத்துக்குத் தலைவரே ஆட்சியராகிய தாங்கள்தான். பாட்டு வேறு ஆள் வேறு என்று சிலர் சொல்கிறார்கள். சரி, பாட்டை வேறாகவே கேட்கட்டும், பொன்னாடையை ஆள் தோளில்தானே போடுகிறோம்?

கிராமத்துத் திருவிழாவில் ஆடல் பாடல் நடத்த அனுமதி கேட்டால் போலீஸ் எத்தனை நிபந்தனை போடுகிறது! ஆபாச உடை கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதிப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்கு முடிக்க வேண்டும். மேடையில் ஆடுகிற பெண்ணின் உடுப்பு வரைக்கும் கேள்வி கேட்கத் தெரிந்த நமக்கு, கோர்ட் உத்தரவை மீறிக்கொண்டு மைக் பிடித்து நிற்கிற ஆணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. இதே காவிரிக்கரையில், திருவையாற்றில், தியாகராஜர் சமாதிக்குத் தன் கைப்பணத்தில் கோயில் எழுப்பினவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்கள் பாட விடாத அந்தக் காலத்தில் அந்த அம்மா போராடித்தான் பெண்களுக்கு இடம் வாங்க வேண்டியிருந்தது. பெண் என்பதற்காகவே மேடையை மறுத்த ஊர் இது. அடித்த கைக்கு மட்டும் கேள்வியே இல்லாமல் கொடுப்பதை எப்படிப் பொறுப்பது?

வேறு இடங்களில் செய்திருக்கிறார்கள். 2018-இல் பாலியல் புகார்கள் கிளம்பியபோது சென்னை மியூசிக் அகாடமி அந்த வருட மார்கழிக் கச்சேரிகளிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. 2024-இல் போக்சோ என்கிற, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில் போட்ட வழக்கு காரணமாக ஒரு நடன இயக்குநருக்கு அறிவித்த தேசியத் திரைப்பட விருதை நிறுத்தி வைத்தார்கள். அங்கே வெறும் புகாருக்கும் நிலுவை வழக்குக்குமே செய்தார்கள். நான் அவ்வளவு கூடக் கேட்கவில்லை. பொய்ப் புகார் கொடுத்து ஒருவர் பிழைப்பைக் கெடுத்துவிடலாம் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆகவே புகார் மட்டும் போதாது. இரண்டு தரப்பையும் கேட்டுப் பிறப்பித்த பாதுகாப்பு உத்தரவு அமலில் இருந்தாலோ, மனைவியைக் கொடுமை செய்ததாகப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ பிரிவிலோ இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 85-ஆம் பிரிவிலோ தண்டனை வாங்கியிருந்தாலோ மட்டும் அரசு மேடையும் விருதும் வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் இதற்கு ஒரு உறுதிமொழி வரி சேர்த்தால் போதும், அது உண்மையா என்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் சரிபார்க்கலாம். புகார் கொடுத்த பெண்ணின் பெயர் எந்தக் காகிதத்திலும் வெளியே வரக்கூடாது. உத்தரவு முடிந்து, பாக்கியையும் கட்டிவிட்டால் அவர் தாராளமாக வரட்டும்.

கூட வருகிற தவில்காரர், பம்பைக்காரர், உறுமிக்காரர் வயிற்றில் அடிக்க வேண்டாம். அவர்கள் செட்டுக்கு வேறு பாடகரைப் போட்டு அதே நிகழ்ச்சியைக் கொடுக்கலாம்.

இன்னொன்று. மேடை இல்லையென்றால் ஜீவனாம்சம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள், என் அக்காவே கேட்டாள். இத்தனை மேடை ஏறியும் பணம் வரவில்லை என்பதுதான் அதற்குப் பதில். அக்கா மனு போட்ட அதே குடும்ப வன்முறைச் சட்டத்தில் 20-ஆம் பிரிவு 6-ஆம் உட்பிரிவு இருக்கிறது. உத்தரவுப்படி பணம் கட்டாதவருக்கு யார் சம்பளமோ கடனோ தர வேண்டுமோ, அவரே அதில் ஒரு பகுதியை நேராக அந்தப் பெண்ணிடம் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் சொல்லலாம். ஏற்கெனவே பாடி முடித்த அரசு நிகழ்ச்சிகளுக்கு இன்னும் பட்டுவாடா ஆகாத சன்மானம் எவ்வளவு என்று பாதுகாப்பு அலுவலர் கேட்டால், அந்த விவரத்தைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்லி எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அது தெரிந்தால் அக்கா கோர்ட்டில் மனு போட்டுக்கொள்வாள்.

ஐப்பசியில் சதயம் வருகிறது. கலைஞர்கள் பட்டியல் தயாராவதற்கு முன்னால் இதில் ஒரு முடிவு எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நீதிமன்ற உத்தரவின் நகல், டாக்டர் சீட்டு, கட்டைவிரலின் எக்ஸ்ரே மூன்றையும் உறையில் வைத்திருக்கிறேன். விசாரிக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் சாயங்காலம் நாலு மணிக்குள் வரச் சொல்லுங்கள், அதற்கப்புறம் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள்.

இப்படிக்கு,
அக்காவின் சம்மதத்தோடு, அவள் தங்கை