அம்மாக்களுக்கும் இரண்டு வரி

ஆசிரியருக்கு,

1860 நவம்பர் 16-இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்ததை நினைவுகூர்ந்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். கப்பலில் வந்தவர்களுக்காவது ஊர், தகப்பன் பெயர், உடல் அடையாளம்வரை பதிவு இருக்கிறது. அவர்கள் வழிவந்த பெண்களுக்கோ இறப்பு அறிவிப்பில் "அன்புத் தாயார், பாட்டி" என்பதோடு சரி. அண்மையில் மறைந்த என் அம்மா, ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் வசிக்க வேண்டும் என்ற இனவாரிக் குடியிருப்புச் சட்டக் காலத்தில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டவர். எண்ணெய் டின்னில் வைத்த கறிவேப்பிலைக் கன்றை லாரியில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுபோனாராம். அறிவிப்பிலோ பேரப்பிள்ளைகளின் பெயர்களுக்கே இடம் போய்விட்டது (எங்கள் குடும்பம் பெரிது!).

அறிவிப்பு கொடுக்க வருவோரிடம் பிறந்த இடம், செய்த வேலை, குடிபெயர்ந்த காரணம் ஆகியவற்றையும் கேட்டு, தனிக் கட்டணமின்றி இரண்டு வரி சேர்த்து வெளியிடலாமே.

– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்