மூன்றாவது சுற்றுக் காப்பி

ஏற்காடு,
டிசம்பர் 28.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. முழங்கால் அறுவைக்குப் பிறகு துணையில்லாமல் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. உடனே பதில் எழுத முடியாமற்போனதற்கு அறுவடைதான் காரணம். இந்த ஆண்டு மழை தள்ளிப் பெய்ததால் பழம் ஒருசேரப் பழுக்கவில்லை. ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை ஆள் போக வேண்டியிருக்கிறது. இன்று களத்தில் காயப் போட்டதையெல்லாம் கூட்டி மூடிவிட்டு, இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

எத்தியோப்பியாவில் என்ன பார்த்தாய் என்று கேட்டிருந்தாய். மாப்பிள்ளை ஜிம்மா நகரில் பேராசிரியராக இருப்பதால் மகளைப் பார்க்கப் போனேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் உள்ளுக்குள் இருந்த ஆசை வேறு. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பிச் செடியை வைத்துத்தான் என் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சோறு தின்கிறது. அந்தச் செடி யாரும் கொண்டுவராமல் தானாக முளைக்கிற காட்டை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

மும்பையிலிருந்து அடிஸ் அபாபா போய், அங்கிருந்து தென்மேற்கே சாலை வழியாக ஜிம்மாவுக்குச் சென்றேன். தலைநகரமே நம் ஊட்டியைவிட உயரத்தில் இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மலைக் குளிர் முகத்தில் அடித்தது. முதல் நாளே நேரக் கணக்கில் தடுமாறினேன். வண்டிக்காரர் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார் என்று நான் மதியம்வரை ஓய்வெடுக்க எண்ணியிருக்க, அவர் காலை ஒன்பதுக்கே வாசலில் வந்து நின்றார். அவர்களுக்குப் பொழுது விடிவதிலிருந்து மணி தொடங்குகிறது. நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. என் பாட்டி சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது நினைவுக்கு வந்தபின் அது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. அவர்களுடைய எழுத்தும் அப்படித்தான்: ஒவ்வொரு மெய்க்கும் உயிர் சேரச் சேர வடிவம் மாறும் வரிசையை என் பேத்தி ஒப்பித்தபோது, திண்ணைப் பள்ளியில் க, கா, கி, கீ சொன்ன குரல்தான் கேட்டது.

ஜிம்மாவிலிருந்து மேலும் தெற்கே, போங்கா என்னும் ஊரை ஒட்டிய கஃபா காட்டுக்கு ஒரு நாள் போனோம். நம்மைப் போல வரிசையும் இடைவெளியும் அங்கே இல்லை. பெரிய மரங்களின் அடியில், கிளை குறைந்து, வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக உயர்ந்து நிற்கின்றன காப்பிச் செடிகள். பறவையும் குரங்கும் தின்று போட்ட கொட்டையிலிருந்து முளைத்தவை. நான் சில்வர் ஓக் மரம் வைத்து நிழல் தருவதும், தண்டுத் துளைப்பான் வண்டுக்குப் பயந்து ஒவ்வொரு தண்டாகத் தேய்ப்பதும் அந்தக் காடு தானாகச் செய்வதன் ஏழை நகல் என்று அங்கே நின்றபோது உணர்ந்தேன். ஒரு பழத்தைப் பறித்துச் சப்பினேன். நம் தோட்டத்துப் பழத்தின் அதே இனிப்பு. கண் கலங்கிவிட்டது.

ஆனால் நான் உனக்கு எழுத நினைத்தது காட்டைப் பற்றியன்று. மகள் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் மாலை எங்களைக் காப்பிக்கு அழைத்தார். தரையில் பச்சைப் புல் பரப்பி, குந்திரிக்கம் புகைத்து, சிறு முக்காலியில் அமர்ந்து, பச்சைக் காப்பிக் கொட்டையைக் கழுவிக் கரி அடுப்பில் வறுத்தார். வறுபட்டதும் அந்தச் சட்டியை எடுத்துவந்து ஒவ்வொருவர் முன்னும் காட்டிப் புகையை முகரச் செய்தார். பிறகு உரலில் இடித்து, ஜெபெனா என்னும் நீண்ட கழுத்துள்ள மண் கூஜாவில் காய்ச்சி, கைப்பிடியில்லாத சிறு கிண்ணங்களில் உயரத்திலிருந்து ஊற்றினார். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. மூன்றாவதன் பெயருக்கு ஆசி என்று பொருள். அதே தூளில் மறுபடி நீர் ஊற்றிக் காய்ச்சுவதால் சுற்றுக்குச் சுற்று காப்பி நீர்த்துக்கொண்டே போகும்; பேச்சோ நெருங்கிக்கொண்டே வரும். மூன்றாவதைக் குடிக்காமல் எழுவது மரியாதையன்று. முழுதாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அதற்கு முன் சாப்பாடு. டெஃப் என்னும் கடுகைவிடச் சிறிய தானியத்தின் மாவைப் புளிக்க வைத்து, ஆப்பம் போல் ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டுச் சுட்ட இஞ்செரா, ஒரே பெரிய தட்டில், மேலே பருப்புக் குழம்பும் கீரையுமாக. புதன்கிழமை அவர்களுக்கு விரத நாளாகையால் எல்லாம் சைவம். ஆறு பேரும் அந்த ஒரு தட்டிலிருந்தே பிய்த்துச் சாப்பிட்டோம். நடுவில் அந்த அம்மாள் ஒரு கவளத்தை உருட்டி, என் வாயருகே நீட்டினார். அதற்குக் குர்ஷா என்று பெயர். விருந்தாளியிடம் அன்பைக் காட்டும் வழக்கம். என் தலை தன்னையறியாமல் பின்னால் சாய்ந்துவிட்டது. எச்சில் என்று எனக்குள் ஊறிப்போன சொல்தான் என்னைப் பின்னுக்கு இழுத்தது. மகள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சுதாரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நண்பா, கல்லூரிக் காலத்தில் ஒரு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு நீ வந்திருந்தபோது, கொல்லைச் சுவரின்மேல் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியக் குவளைகளைக் காட்டி, இவை ஏன் வெளியே இருக்கின்றன என்று கேட்டாய். தோட்டத்து ஆட்களுக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். காப்பியைப் பறிப்பவர்களும், சுமப்பவர்களும், உலர்த்துபவர்களும் அந்தக் காப்பியைத் தனிக் குவளையில், அதுவும் உயரத்திலிருந்து ஊற்றக் குடித்தார்கள். ஜிம்மாவிலும் உயரத்திலிருந்துதான் ஊற்றினார்கள். ஆனால் அவர்கள் ஊற்றியது வண்டல் கலங்காமல் இருக்க. என் அப்பா காலமான பின் அந்தக் குவளைகளை நான் எடுத்து வீசினேன் என்பது உண்மை. ஆனாலும் களத்தில் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு நாளும் காப்பி குடித்ததில்லை என்பதும் உண்மை. வேலை நேரம், நான் முதலாளி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கேள்விக்கு இத்தனை ஆண்டுகள் கழித்து இந்தப் பதிலை எழுதுகிறேன், தாமதத்தை மன்னித்துவிடு.

போன ஞாயிறு, முதல் கொட்டை காய்ந்து வந்ததும், கொஞ்சம் உமி நீக்கி, களத்தின் ஓரத்தில் அடுப்பு மூட்டி நானே வறுத்தேன். ஜெபெனா இல்லை, எவர்சில்வர் பாத்திரம்தான். சிக்கரி சேர்க்கவில்லை. பதினோரு பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் எனக்கும் வீட்டில் இருந்த ஒரே வகை டம்ளர். என் அப்பா காலத்திலிருந்து இங்கே பழம் பறிக்கும் பெரியம்மா ஒருவர் முதல் சுற்றை நின்றபடியே குடித்தார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. இரண்டாவது சுற்றில் களத்தின் மேட்டில் சாய்ந்து நின்றார். மூன்றாவது வருவதற்குள் மூட்டை ஏற்ற லாரி வந்துவிட்டது. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

தை பிறந்து பறிப்பு முடிவதற்குள், முழங்கால் ஒத்துழைத்தால், சேலம் வந்து இறங்கு; மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்கிறேன். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அடுப்பு மூட்டப் போகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்.