மாத்திரையை நிறுத்த வேண்டாம், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்றிரவு தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு அவசரமாக ஒரு பதில் சொல்லி வைத்துவிட மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் சம்மதித்ததால், பெயர்களை விட்டுவிட்டுப் பொதுவில் வைக்கிறேன். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் ஓசூரிலும் இதே கேள்வியோடு வேறு வீடுகளும் இருக்கும்.

"இப்போது மூட்டுவலி இல்லை, முகத்தில் சிவப்பு இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். மாத்திரைகளை நிறுத்திவிட்டுக் குழந்தைக்குப் பார்க்கலாமா?" என்று உங்கள் மனைவியின் லூபஸ் நோயைப் பற்றிக் கேட்டீர்கள். கூடாது. மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது.

லூபஸ் என்பது வேலியே பயிரை மேயும் நோய். கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி சொந்த உடம்பைத் தாக்குகிறது. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. அவளுக்கு முதலில் விரல் மூட்டுகள் வலித்தன. நம் பக்கத்தில் மூட்டு வலித்தால் தண்ணீரைத்தான் குறை சொல்வோம். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்துப் பல் கறையேறி, எலும்பு இறுகிப்போனவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆகவே அவளுடைய வலியையும் தண்ணீரின் கணக்கில் எழுதிவிட்டார்கள். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியே பல மாதங்கள் போயின. அந்த மாத்திரைகளே சிறுநீரகத்துக்குக் கெடுதல். இனி தலைவலிக்குக்கூட நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பிறகு காலையில் எழுந்தால் கண்ணிமை வீக்கம், சிறுநீரில் அடங்காத நுரை, இந்த வயதில் இரத்தக் கொதிப்பு. சேலத்தில் முதுகுப் பக்கம் ஊசி செலுத்திச் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்த்தபோது, ஆறு வகைகளில் நான்காம் வகை என்று வந்தது. வடிகட்டும் நுண்முடிச்சுகளில் பாதிக்கு மேல் அழற்சி என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் முடிச்சுகள் உண்டு. தழும்பாகிவிட்டது திரும்ப வராது. அழற்சியில் இருப்பதைத்தான் மருந்து காப்பாற்றும்.

பணிக்காலம் முழுவதையும் ஆய்வகத்தில் கழித்தவன் நான். கருவிகள் வராத நாட்களில் சோதனைக் குழாயில் முக்கால் பாகம் சிறுநீரை ஊற்றி, மேற்பகுதியை மட்டும் சுடரில் காட்டுவோம். கொதிக்கையில் மேலே வெண்மையாகக் கலங்கும். அசெட்டிக் அமிலம் சில சொட்டு விடுவோம். தெளிந்துவிட்டால் வெறும் உப்பு. தெளியாமல் நின்றால் புரதம். அப்படி வெண்மை திரண்ட குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், அந்தச் சிறுநீரைக் கொடுத்த பெண் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவளிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். எந்த வலியும் இருக்காது. இந்த நோயில் என்னை மிகவும் அச்சுறுத்துவது இதுதான், மாப்பிள்ளை. மூட்டு வலித்தால் அழுகிறோம். சிறுநீரகம் கெடும்போது ஒன்றுமே தெரிவதில்லை.

அவள் நன்றாக இருக்கிறாள் என்கிறீர்கள். புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் அளவு, அதாவது சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுக்கும் உள்ள விகிதம், தொடக்கத்தில் 3.8 இருந்தது, போன மாதம் 1.1. நல்ல இறக்கம்தான். ஆனால் 0.5க்குக் கீழே வர வேண்டும், வந்து அங்கேயே நிற்க வேண்டும். இறக்கியது மாத்திரைகள். நிறுத்தினால் நோய் மறுபடி சீறும், ஒவ்வொரு சீற்றமும் கொஞ்சம் தழும்பை விட்டுத்தான் போகும். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. முகம் உப்பியிருக்கிறது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். மருத்துவர் ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கக் குறைக்க வற்றிவிடும்.

இனி குழந்தை. பெற முடியும், இந்த நோயோடு பெற்றவர்கள் நிறையப் பேர். ஆனால் குறைந்தது ஆறு மாதம் நோய் அடங்கியிருக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்க அவள் சாப்பிடும் மைக்கோஃபீனோலேட் மாத்திரை கருவுக்கு ஊனம் விளைவிக்கும். கருத்தரிப்பதற்கு ஆறு வாரத்துக்கு முன்பாவது அது நின்றிருக்க வேண்டும். அதற்குப் பதில் அசதையோபிரின் கொடுத்து, நோய் அடங்கியே இருக்கிறதா என்று சில மாதம் பார்ப்பார்கள். புரதம் போவதைக் குறைக்கக் கொடுக்கும் டெல்மிசார்ட்டனையும் மாற்றுவார்கள். லூபஸுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை மட்டும் கர்ப்பத்திலும் விடாமல் சாப்பிட வேண்டும், ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனையோடு. கருச்சிதைவுக்கும் குழந்தையின் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் காரணமாகும் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே இரத்தம் பார்ப்பார்கள். அதுவரை கருத்தடை உங்கள் பொறுப்பு. இந்த மருந்து சாப்பிடும்போது ஆணுறை மட்டும் போதாது, எந்த முறை ஏற்றது என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாகக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், சில வகைகள் இந்த நோயில் இரத்தத்தை உறைய வைக்கும். தாய்மாமன் இதையெல்லாம் எழுதுகிறானே என்று கூச்சப்பட வேண்டாம்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் "விசேஷம் உண்டா?" என்று கேட்பது அவளைத்தான். "நாங்கள்தான் தள்ளிப்போட்டிருக்கிறோம்" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள். அவள் வாயிலிருந்து வருவதைவிட உங்கள் வாயிலிருந்து வந்தால் அதற்கு எடை அதிகம். மாங்காய் பறிக்கும் காலத்தில் தோப்புக்கு வரவில்லையே என்று யாரும் கடிந்துகொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டாலே இந்த நோய் கிளறும்.

ஆடிப்பெருக்கு முடிந்ததும் காவேரிப்பட்டணம் வருகிறேன். சம்பந்தியம்மாவிடம் நானே பேசுகிறேன், அறிக்கைகளையும் காட்டி விளக்குகிறேன். அவர் நியாயம் தெரிந்தவர், புரிந்துகொள்வார். அதற்குள் இந்த மாதச் சிறுநீர், இரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்பிவையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவளை மட்டும் பஸ் ஏற்றிவிடாமல் நீங்களும் உடன் போய், குழந்தைக்கான திட்டத்தை நேரில் கேட்டு எழுதி வாருங்கள்.

அன்புடன்,
அவளுடைய தாய்மாமன்,
தருமபுரி