இருட்டறையும் இரவுப் பாலும்

சத்துவாச்சாரி, வேலூர்
சித்திரை 25

அன்புள்ள கமலா,

பேத்தியை வீட்டுக்கு அழைத்து வந்து பத்து நாட்களாகின்றன. 31 வாரத்திலேயே பிறந்துவிட்ட அவள், உறக்கத்தின் நடுவே 20 விநாடிக்கும் மேல் மூச்சு நின்று கிடப்பதும், மானிட்டர் ஒலித்ததும் செவிலியர் ஓடிவந்து உள்ளங்காலைத் தேய்த்து மூச்செடுக்க வைப்பதுமாகக் கழிந்த நாட்களை உன்னிடம் தொலைபேசியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூச்சை நடத்தும் மூளைத்தண்டு முதிராததே காரணம் என்றார் மருத்துவர். அதைத் தூண்டிவிடக் காஃபீன் மருந்து கொடுத்தார்கள்.

இருட்டில் சுரந்து தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனுக்கும் இப்படி மூச்சு நிற்பதற்கும் தொடர்புண்டா என்று கேட்டிருந்தாய். கருவில் இருக்கும்வரை அது தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கு வந்து சேர்கிறது. பிறந்ததும் அந்த வரவு நின்றுவிடுகிறது. பிள்ளையின் மூளையில் அதைச் சுரக்கும் பினியல் சுரப்பி இரவு பகல் அறிந்து சுரக்கத் தொடங்க நிறைமாதக் குழந்தைக்கே சுமார் 3 மாதம் ஆகும். குறைமாதக் குழந்தைக்கு அது இன்னும் தள்ளிப்போகிறது. பச்சிளம் உடம்பில் ஊசி குத்தாமல், டயப்பரிலிருந்து எடுத்த சிறுநீரிலேயே இந்தச் சுரப்பைக் கணக்கிட முடிகிறது. அப்படி அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், திடீரென மூச்சு நின்று பெற்றோரைப் பதறவைத்த சிசுக்களிடம் சுரப்பு குறைவாகவே இருந்தது. ஆனால் கமலா, சுரப்பு குறைந்ததால்தான் மூச்சு நின்றது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது; முதிராத மூளையே இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று உன் மருமகள் பேரனுக்கு மெலடோனின் மருந்து எதையும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

தாய்ப்பாலில் மெலடோனின் இரவில் மிகுந்தும் பகலில் அநேகமாக இல்லாமலும் இருக்கிறது. ஆகவே மகள் பீய்ச்சி வைக்கும் பாலில் நேரத்தைக் குறித்து, இரவுப் பாலை இரவிலேயே புகட்டுகிறோம். ஏழு மணிக்குமேல் அந்த அறையில் குழல்விளக்கு எரிவதில்லை. குடியாத்தத்தில் பிள்ளை பெற்றவள் அறையில் நம் பாட்டிமார் சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைப்பார்களே, உனக்கு நினைவிருக்கும். உடம்பு சூடேறினால் மூச்சு தடுமாறும் என்பதால், இந்தக் கத்திரி வெயிலில் துணி சுற்றாமல் மல்லாத்தியே படுக்க வைக்கிறோம்.

உன் பேரனுக்குக் காஃபீனை நிறுத்திவிட்டார்களா, நிறுத்திய பின் எத்தனை நாள் மூச்சு நிற்காமல் இருக்கிறான் என்பதை உடனே எழுது.

அன்புடன்,
சரோஜா