மகளிர் வாசிப்பு மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் தோழிகளுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன, புதியவர்கள் சேர்ந்திருக்கிறார்கள், நூலக அலமாரியில் இடம் போதவில்லை. அதெல்லாம் சரி. இந்த ஆண்டு நம்மை உலுக்கியது ஒரு தீர்மானம்தான். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது, பெண்ணியமும் மதமும் ஒத்தே போகாது என்று சில தோழிகள் கொண்டுவந்தது.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தீட்டு, மணமுறிவு, வாரிசுரிமை, வழிபாட்டை நடத்தும் உரிமை என்று எதைத் தொட்டாலும் மதங்கள் பெண்ணைப் பின்னால்தான் நிறுத்தியிருக்கின்றன. இங்கிலாந்து திருச்சபையில் பெண்கள் குருவானதே 1994இல்தான், முதல் பெண் ஆயர் வர 2015 ஆகிவிட்டது. அப்படியிருந்தும், அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2016இல் வெளியிட்ட, 192 நாடுகளின் தரவுகளைக் கொண்ட கணக்கில், மதம் சார்ந்தவர்கள் பெண்களில் 83.4 விழுக்காடு, ஆண்களில் 79.9.

இதைப் பெண்களின் அறியாமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. எத்தனையோ பெண்களுக்கு யாரும் கேள்வி கேட்காமல் வீட்டைவிட்டு வெளியே போக முடிந்த ஒரே இடம் வழிபாட்டிடம்தான், நோய், சாவு என்று வந்தால் கூட வந்து நிற்பதும் அங்கே பழகியவர்கள்தான். அதை விட்டுவிடு என்று சொல்கிற நாம் அந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறோம்?

விவாதத்தில் ஒரு தோழி பேசியது முக்கியம். கணவர் நாத்திகர் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு வழிபாட்டை விட்டாராம். அந்த முடிவு அவருடையது, வீட்டு வேலை முழுக்க என்னுடையது, இதில் எனக்கு எங்கே விடுதலை என்று கேட்டார். தீர்மானம் கொண்டுவந்தவர்களும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

அப்புறம் எர்னஸ்டின் ரோஸ் பற்றிப் பேசினோம். போலந்தில் 1810இல் யூத மதகுரு (ரப்பி) ஒருவரின் மகளாகப் பிறந்தவர், அமெரிக்காவில் பெண்ணுரிமைக்காக மேடையேறியவர், வெளிப்படையான நாத்திகர். 1854இல் தேசியப் பெண்ணுரிமை மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்குவதை நாத்திகர் என்று சொல்லிச் சிலர் எதிர்த்தபோது, பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. ஆந்தனி அவர் பக்கம் நின்றார், ரோஸ்தான் தலைவரானார். பின்னர் ஆந்தனியின் தோழியும் பெண்ணுரிமைப் போராளியுமான எலிசபெத் கேடி ஸ்டாண்டன் விவிலியத்தில் பெண்களைப் பற்றி வரும் பகுதிகளை விமர்சித்து வெளியிட்ட நூலுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று 1896இல் அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தீர்மானம் போட்டது. அப்போதும் ஆந்தனி எதிர்த்துப் பேசினார், ஆனால் 53க்கு 41 என்ற வாக்கில் அவர் தரப்பு தோற்றது. நம்பிக்கை உள்ளவர்கள் அன்று செய்த அதே தவற்றை நாம் இன்று எதிர்ப்பக்கமிருந்து செய்யக் கூடாது என்பதுதான் என் வாதம்.

நம் தீர்மானம் தோற்றது. அதைக் கொண்டுவந்தவர்கள் மன்றத்தைவிட்டுப் போகவில்லை, அதில் எனக்குப் பெரிய நிம்மதி. கூடவே இன்னொரு முடிவும் எடுத்திருக்கிறோம்: யாருடைய மனமும் புண்படும் என்று காரணம் காட்டி எந்த மத விமர்சனத்தையும் நம் வாசிப்புப் பட்டியலிலிருந்து நீக்க மாட்டோம். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

அடுத்த ஆண்டு சமய நூல்களைப் பெண்களே மறுவாசிப்பு செய்த எழுத்துகளைத் தொடர்ந்து படிக்கப் போகிறோம். மாலைக் கூட்டங்களுக்குக் கைக்குழந்தையோடு வருபவர்களுக்காகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முறைவைத்து ஆட்கள் வேண்டும், பெயர் கொடுங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.